பிராட்டி கேட்ட செய்திகள்

(துயரச் செய்திகளும் இல்லத்தரசியரின் மனநலமும்)

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் ஸந்நிதியில் அர்ச்சனைத் தட்டுடன் வந்து நிற்கும் தாய்மார்களின் வேண்டுதல்கள் பெரும்பாலும் பெயரும் உருவமும் உடையவை. மகளுக்கு வரன் அமைய வேண்டும், மகனுக்கு உத்தியோகம் கிடைக்க வேண்டும், கணவருக்கு நோய் தீர வேண்டும் என்பன அவை. இவற்றுக்கு ஸங்கல்பம் செய்வது எளிது. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் திருக்கோயில்களில் இக்காலத்தே வேறொரு வகை வேண்டுதலும் செவியில் விழுகிறது. "என்னவென்று தெரியவில்லை, மனத்தில் ஒரு பயம், இரவில் தூக்கம் இல்லை, வீட்டை விட்டு யார் வெளியே போனாலும் திரும்பி வருவார்களோ என்று இருக்கிறது" என்பதே அது. விசாரித்தால், அவ்வீட்டில் குறை ஒன்றும் இராது. காலை முதல் இரவு வரை செய்தித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பது மட்டும் தெரியவரும்.

இது சிறிய விஷயம் போல் தோன்றும். ஆயினும் இதனுள் பெரிய தர்ம விசாரம் ஒன்று அடங்கியிருக்கிறது. பிறர் துயரைக் கண்டும் கேட்டும் கலங்குவது நல்ல நெஞ்சத்தின் இலக்கணம் அன்றோ? அங்ஙனமாயின், மனம் தாங்கவில்லை என்று அத்துயரினின்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வது கருணையின்மை ஆகாதோ? ஓயாமல் கேட்டால் நோய், கேளாதிருந்தால் பாவம் என்ற இரண்டுக்கும் நடுவே ஓர் இல்லத்தரசி எவ்வாறு நிற்பது? இதனைச் சிறிது ஆராய்வோர்க்கு ஸ்ரீராமாயணமே வழி காட்டுகிறது.

முற்காலத்தில் செய்தி வீட்டுக்குள் வந்த வழி வேறு. காலையில் செய்தித்தாள் வந்தது. குறித்த நேரத்தில் ஆகாசவாணி செய்தி படித்தது. படித்து முடித்ததும் வானொலி வேறு நிகழ்ச்சிக்குச் சென்றது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்சன் தொடங்கிய பிறகும், செய்திக்கென்று ஒரு பொழுது உண்டு. அப்பொழுது கழிந்தால் செய்தியும் முடிந்துவிடும். பின்னர் நாள் முழுதும் செய்தியே சொல்லும் அலைவரிசைகள் வந்தன. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசைகளிலும் பெட்டி ஒளிர்ந்தது. இப்பொழுதோ கைப்பேசி மடியிலேயே இருக்கிறது. விருந்தினராக வந்து விடைபெற்றுச் சென்ற செய்தி, இன்று கூடத்தில் பாய் விரித்துக் குடியேறிவிட்டது.

இவ்வட்டாரத்து மக்கள் அண்மை ஆண்டுகளில் கண்ட துன்பங்களும் சிறியவை அல்ல. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பலரது உயிரைக் குடித்தது. 2024 ஜூனில், முன்னர் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த கள்ளக்குறிச்சியில் அதே கொடுமையால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன.

அந்த நாள்களில் செய்தி கேட்டது தவறு என்று யாரும் சொல்லார். அணை திறக்கப்படும் என்ற அறிவிப்பைக் கேட்டுக் குழந்தைகளையும் கன்றுகாலிகளையும் மேட்டுக்குக் கொண்டு சென்ற தாய், செய்தியால் உயிர் காத்தவள். ஆகவே செய்தி என்பது விலக்கத்தக்க பொருள் அன்று. ஆனால் வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, அடுப்பை மீண்டும் ஏற்றிய பின்னரும், இடிந்த சுவரையும் அழும் முகத்தையும் திரை நூறு முறை காட்டுமாயின், அந்த நூறாவது முறை யாருக்கு என்ன பயன் தந்தது? ஆற்றில் வெள்ளம் வந்தது ஒரு முறை. மனத்தில் நூறு முறை வந்துவிட்டது என்பதே கண்ட பலன்.

2019-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இங்கே நினைத்தல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. இடையில் 27-ஆம் தேதி தீபாவளி. 29-ஆம் தேதி விடியற்காலையில் குழந்தையின் உடலே கிடைத்தது. அதுவரை இரவு பகலாகத் தமிழ்நாட்டின் வீடுதோறும் நேரலை ஓடிற்று. எத்தனையோ தாய்மார்கள் பண்டிகைப் பலகாரத்தைத் தொடாமல், விளக்கேற்றி வேண்டிக்கொண்டு, கண் இமையாது திரையின் முன் அமர்ந்திருந்தனர். அந்த வேண்டுதல் தூயது. அதில் ஐயம் இல்லை. ஆனால் அதே நாள்களில் தூத்துக்குடியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பெற்றோர் அந்த நேரலையைக் கண்டுகொண்டிருந்த வேளையில், அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிர் நீத்தது என்பதே அச்செய்தி.

இதனைச் சொல்வது அந்தப் பெற்றோரைக் குறை கூறுவதற்காக அன்று. அவர்கள் கல் நெஞ்சர் அல்லர். முன்பின் அறியாத குழந்தைக்காக உருகியவர்கள். கருணை கண்ணை மட்டும் பிடித்திழுத்துக் கைக்கு வேலை தராமல் நிறுத்திவிடும்போது, அருகில் இருப்பதும் மறைந்துபோகிறது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டா.

இல்லத்தரசியரை இது மிகுதியாகத் தாக்குவது ஏன்? அலுவலகம் செல்வோருக்குச் செய்தி வழியில் கிடைத்து வழியிலேயே மறையும். இல்லத்தரசிக்கோ காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதுவே துணை. திண்டிவனத்தில் கணவரைச் சென்னைப் பேருந்துக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பிய பெண் ஒருத்தி, "நெடுஞ்சாலையில் விபத்து" என்று திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்த கணத்தில் அவள் கை நடுங்குகிறது. கைப்பேசியில் கணவர் குரலைக் கேட்கும் வரையில் அடுப்பில் பால் பொங்கி வழிவதும் தெரிவதில்லை. கணவர் நலம், ஆனால் நெஞ்சு பட்ட அடி பட்டதுதான். நாளைக்கும் அவர் அதே சாலையில் செல்வார். நாளைக்கும் அந்த எழுத்து ஓடும். வீட்டாரின் நலத்தைத் தன் உயிரினும் மேலாகக் கருதுபவள் ஆதலின், ஊரில் நேர்ந்த ஒவ்வொரு தீங்கையும் தன் வீட்டு வாசலில் வைத்தே அவள் பார்க்கிறாள்.

செய்திக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவை மஹாபாரதமும் அறிந்திருக்கிறது. பாண்டவர்களிடம் தூது சென்று திரும்பிய ஸஞ்ஜயன், யுதிஷ்டிரர் சொல்லியனுப்பியதை மறுநாள் சபையில்தான் சொல்வேன் என்று கூறிச் சென்றுவிட்டான். என்ன செய்தியோ என்ற கவலையில் திருதராஷ்டிரனுக்கு அவ்விரவு உறக்கம் கொள்ளவில்லை. விதுரரை அழைத்து உரையாடினான். உத்யோக பர்வத்தின் அப்பகுதிக்கு 'ப்ரஜாகரம்', அதாவது உறக்கமின்மை என்றே பெயர்.

இக்கால ஆய்வும் இதனோடு ஒத்தே நிற்கிறது. 2013 ஏப்ரலில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் குண்டுகள் வெடித்தன. அதன்பின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்தனர். வெடிப்பை அடுத்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக அச்செய்தியில் மூழ்கியிருந்தவர்களின் மனக்கலக்கம், வெடித்த இடத்திலேயே இருந்தவர்களின் கலக்கத்தைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சில், கொரோனா நோய் பரவிய வேளையில், அச்சம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றிரண்டு முறை குறித்த நேரத்தில் மட்டும் கேட்குமாறு அறிவுறுத்தியது.

இனி, கருணையின்மை ஆகாதோ என்ற வினாவுக்கு வருவோர் பிராட்டியின் திருவடிகளையே பற்ற வேண்டும். ஸ்ரீராமாயணம் சிறையிருந்தவளின் ஏற்றத்தையே சொல்லுகிறது என்பது பிள்ளை லோகாசாரியரின் திருவுள்ளம். அசோகவனத்தில் அந்தத் தாய் கேட்ட செய்திகள் எத்தனை, அவற்றை எங்ஙனம் ஏற்றாள் என்று பார்த்தால், அவளே இக்கால இல்லத்தரசியருக்கு ஆசாரியையாக விளங்குவது புலனாகும்.

முதற்செய்தி பொய்ச் செய்தி. வித்யுஜ்ஜிஹ்வன் என்னும் மாயாவியைக் கொண்டு பெருமாளின் தலையைப் போன்றதொன்றைச் செய்வித்து, இராவணன் பிராட்டியின் முன் வைத்தான். வெறும் தலையை மட்டும் காட்டவில்லை. இன்ன இரவில், இன்ன இடத்தில், இன்னான் வெட்டினான், வானர வீரருள் இன்னின்னார்க்கு இன்னது நேர்ந்தது என்று விவரங்களை அடுக்கினான். பொய்க்கு எப்பொழுதும் விவரம் மிகுதி. பிராட்டி கதறினாள். இராவணன் அகன்றதும் மாயத் தலையும் மறைந்தது. அப்பொழுது ஸரமை என்னும் அரக்கர் குலத் தோழி வந்து, கண்டது மாயை என்று தெளிவித்து, பெருமாளிடம் சென்று செய்தி சொல்லித் திரும்பவும் தான் வல்லவள் என்றாள். பிராட்டியோ, இராவணன் இனி என்ன செய்யத் துணிந்திருக்கிறான் என்பதை மட்டும் அறிந்து வரும்படி கேட்டாள். ஆயிரம் செய்திகள் நிறைந்த இலங்கையில், தனக்கு வேண்டிய ஒரு செய்தி எது என்று தெரிந்து, அதனை நம்பத்தக்க ஒருத்தி வாயிலாகக் கேட்டறிந்தாள் பிராட்டி. கைப்பேசியில் யாரோ அனுப்பிய படத்தைக் கண்டு பதறுமுன், இதனை அனுப்பியவர் இராவணனா ஸரமையா என்று ஒரு கணம் எண்ணுவது இதனால் கற்கும் பாடம்.

இரண்டாவது, மெய்யான காட்சி. இந்திரஜித்தின் நாகாஸ்திரத்தால் கட்டுண்டு பெருமாளும் இளைய பெருமாளும் போர்க்களத்தில் கிடந்த நேரத்தில், இராவணன் பிராட்டியைப் புஷ்பக விமானத்தில் ஏற்றி அக்களத்தை மேலிருந்து காணச் செய்தான். இக்கால நேரலையைப் போன்றதே அது. அங்கே கண்டது பொய் அன்று. ஆனால் காட்சி மெய்யாயினும், இனி எல்லாம் முடிந்தது என்று மனம் எழுதிக்கொண்ட முடிவு பொய். உடனிருந்த திரிசடை, அவர்கள் முகங்களில் ஒளி குன்றவில்லை என்பதையும், சேனை தலைவனை இழந்த சேனை போல் சிதறவில்லை என்பதையும், கணவனை இழந்தவளை இவ்விமானம் தாங்காது என்பதையும் எடுத்துக் காட்டித் தேற்றினாள். விமானம் அசோகவனம் திரும்பிற்று. களத்தில் பெரிய திருவடி வந்து கட்டை அறுத்தார். பிராட்டி வானத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததனால் கட்டு அவிழவில்லை; அவள் திரும்பிச் சென்றதனால் அவிழாமலும் போகவில்லை. ரக்ஷிப்பவன் ரக்ஷித்தான். துயரக் காட்சியைத் தனித்துக் காணலாகாது, திரிசடை போன்ற ஒருத்தி அருகிருக்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

மூன்றாவது, நற்செய்தி. சிறிய திருவடி பிராட்டியைக் கண்டவுடன் முன்னே குதிக்கவில்லை. திடீரென்று பேசினால் இவள் அஞ்சுவாள் என்று எண்ணி, சிம்சுபா மரத்தில் மறைந்திருந்தபடியே பெருமாளின் திருக்கதையை இனிய குரலில் மெல்லச் சொன்னார். பின்னர்ப் பெருமாளிடம் மீண்டபோதும், கவலையோடு காத்திருப்பவர் நெஞ்சு ஒரு கணமும் தவியாதபடி, கண்டதைக் கூறும் சொல்லையே முதலில் வைத்தார். நல்ல செய்தியைச் சொல்வதற்கே இத்துணை எச்சரிக்கை. திண்டிவனம் புதுச்சேரி சாலையில் பஞ்சவடியில் 36 அடி உயரத் திருமேனியுடன் எழுந்தருளியிருக்கும் அப்பெருமானை ஸேவிப்போர், அவருடைய வீரத்தோடு இந்த வாக்கு நயத்தையும் நினைத்தல் தகும். செய்தி சொல்வதைத் தொழிலாகக் கொண்டோருக்கும் அவரே குலதெய்வம் ஆகத் தக்கவர்.

இத்தனை செய்திகளையும் அளந்து ஏற்ற பிராட்டி கருணை குறைந்தவளா? இராவண வதத்துக்குப் பின், இத்தனை நாள் துன்புறுத்திய அரக்கியரைக் கொல்ல அநுமதி வேண்டிய சிறிய திருவடியைத் தடுத்து, அவர்களைக் காத்தவள் அவளே. கையால் செய்யத்தக்கது வந்தபோது அவள் கருணை கடல் போல் எழுந்தது. ஆகவே கருணைக்கு அளவுகோல் எத்தனை நாழிகை பார்த்தோம் என்பது அன்று. இயன்றதைச் செய்தோமா என்பதே. தன்னால் ஆவதைச் செய்து, ஆகாததன் பாரத்தை எம்பெருமான் திருவடியில் வைப்பதையே ஆசாரியர்கள் பரந்யாஸம் என்றனர். உலகைக் காக்கும் பொறுப்பு உடையவன் ஒருவன் உளன். அவன் சுமையை ஓர் இல்லத்தரசி இரவெல்லாம் விழித்துச் சுமப்பது பக்தியும் ஆகாது, பரோபகாரமும் ஆகாது.

இதனை அநுஷ்டானத்தில் கொண்டுவருவது கடினம் அன்று. ஸந்தியா காலங்களுக்கு வேளை உள்ளது போல் செய்திக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வேளை வகுத்துக்கொள்ளலாம். புயலும் வெள்ளமும் வரும் நாள்களில் அரசின் எச்சரிக்கையைத் தவறாமல் கேட்கலாம்; எச்சரிக்கை கேட்டுச் செய்வன செய்தபின் பெட்டியை நிறுத்தலாம். விளக்கேற்றும் வேளையிலும், உணவு பரிமாறும் வேளையிலும், உறங்கச் செல்லுமுன் ஒரு நாழிகையும் துயரக் காட்சிகளுக்கு இடம் தராதிருக்கலாம். உள்ளத்தை உலுக்கிய செய்தி ஒன்றைக் கேட்டால், அதற்கு ஈடாக ஒரு செயல் செய்யலாம்: வெள்ளத்தில் வீடிழந்தோர்க்கு ஒரு படி அரிசி, அருகில் துக்கப்பட்ட வீட்டுக்கு ஒரு முறை சென்று வருதல், திறந்து கிடக்கும் கிணறோ குழியோ தெருவில் இருந்தால் அதை மூடச் சொல்லி ஊராட்சிக்கு ஒரு மனு. செயலாக மாறிய இரக்கம் நெஞ்சில் நஞ்சாகத் தேங்குவதில்லை.

வீட்டு ஆடவர்க்கும் இதில் கடமை உண்டு. "பெண்பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்" என்று நகைப்பது திரிசடை செய்த காரியம் அன்று. சென்று சேர்ந்ததும் ஒரு வார்த்தை தெரிவிப்பதும், மாலையில் அருகமர்ந்து அவள் மனத்திலுள்ளதைக் கேட்பதும் பெரிய மருந்து.

இவை எல்லாம் செய்தும் வாரக்கணக்கில் உறக்கம் வாராமல், உணவு வேண்டாமல், அழுகையும் படபடப்பும் தொடருமாயின், அது பக்திக் குறைவு அன்று, நோய். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வது போல் இதற்கும் செல்ல வேண்டும். முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கிவரும் டெலி மனஸ் என்னும் அரசுச் சேவையில் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். துளசி தீர்த்தமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இரண்டும் தந்தவன் ஒருவனே.

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த வரலாற்றை அறியாத வைணவர் இலர். அன்றும் இருள், அன்றும் மழை. ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடம் தந்த சிறிய இடைகழி அது. மனித மனமும் அத்துணையே இடம் உடையது. உலகத்துத் துயர் அனைத்தையும் அதனுள் அடைத்துவிட்டால் நிற்கவும் இடம் இராது. அந்த இடைகழியில் மூவரும் தனித்தனியே அஞ்சி ஒடுங்கவில்லை; கூடி நின்று பகவானைப் பேசினர். நெருக்குவது யார் என்று தெரியாத இருளில் பொய்கையார் ஒரு விளக்கேற்றினார். பூதத்தார் மற்றொன்று ஏற்றினார். அவ்வொளியில் பேயாழ்வார், நடுவே நெருக்கி நின்றவன் திருமாலே என்று கண்டார்.

உத்ஸவத்துக்கு எழுந்தருளும் தாய்மார்கள் வீடு திரும்பியதும், மாலை வேளையில் ஒரு நாழிகை அந்தப் பெட்டியின் ஒளியை அவித்து, அவ்விடத்தில் ஒரு திருவிளக்கை ஏற்றி, அண்டை வீட்டாரோடு அமர்ந்து திருநாமம் சொல்வாராக. அஞ்சின நெஞ்சங்களுக்கு அபயம் அளிக்கும் எம்பெருமானும் பிராட்டியும் அவர்தம் இல்லங்களில் நித்யவாஸம் செய்தருள்வாராக.

சுபம்.